எந்த வயதில், எந்த வருத்தம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1946 இல் இலங்கையரின் சராசரி ஆயுள் சுமார் 43 என்று படித்தேன். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் அந்தக் காலத்து ஆட்கள் 80 தாண்டி இருந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எது சரி?
– வாசகர், நோர்வூட்

பதில்: இரண்டும் சரி. பத்துப் பேர் பிறக்கிறார்கள் என்று வையுங்கள். மூன்று பேர் பிறந்த சூட்டோடு போய்விட, மீதி ஏழு பேரும் 60 வரை இருக்கிறார்கள். கூட்டிப் பத்தால் பிரித்தால் சராசரி 42. அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 42 வயதில் சாகவில்லை! 1946 இல் இந்த நாட்டில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 141 முதல் பிறந்தநாளைக் காணவில்லை. சராசரியைக் கீழே இழுத்ததில் பெரும் பங்கு அதற்குத்தான்.

உலகில் இன்றும் முதல் மாதம்தான் பிள்ளைக்குப் பெரிய கண்டம். 2022 இல் ஐந்து வயதுக்குள் இறந்த சுமார் 49 இலட்சம் பிள்ளைகளில் 23 இலட்சம் பேர் 28 நாள்கூட இருக்கவில்லை. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத்திணறல், தொற்று என்பவையே முக்கிய காரணங்கள். அந்த மாதம் கடந்ததும் ஆபத்து மளமளவென்று இறங்கி, 10 முதல் 14 வயதில் அடிமட்டத்துக்கு வரும். 30 தாண்டினால் ஏறக்குறைய எட்டு வருடத்துக்கு ஒரு தரம் இரட்டிப்பாகும். வயதோடு இப்படி மடங்கு மடங்காக ஏறுவதை 1825 இலேயே ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் கொம்பேர்ட்ஸ் கணக்கில் எழுதிவிட்டார்.

கேள்வி: பிள்ளைக்குச் சளி வந்தால் எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்? இரவில் தோட்டத்தில் வாகனம் கிடைப்பது பெரும்பாடு.
– வாசகி, லிந்துலை

பதில்: மூச்சை எண்ணுங்கள். நியூமோனியாவைப் பிடிக்க இதைவிட மலிவான கருவி இல்லை. பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையை மேலே தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். முழுதாக ஒரு நிமிடம் எண்ணவேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குப் பிழையாகும், ஏனென்றால் கைக்குழந்தை மூச்சை இடைக்கிடை நிறுத்தி விடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு முதல் 11 மாதம் வரை 50 அல்லது மேல், ஒரு வயது முதல் ஐந்து வரை 40 அல்லது மேல் என்றால் அது வேகமான மூச்சு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எண்ணிக்கை 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒருமுறை திரும்ப எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா? குடிக்க முடியவில்லையா, வலிப்பு வருகிறதா, உதடு நீலம் பாய்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். 1990 என்ற தொலைபேசி எண்ணில் சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். தோட்டப் பெயரோடு டிவிஷனையும், பாதை எந்த இடம்வரை வாகனம் வரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விறகடுப்புப் புகை இந்த நோய்க்கு வழிவிடுகிறது. அடுப்பு எரியும்போது குளிருக்கென்று குழந்தையைப் பக்கத்தில் கிடத்துவது இங்கே வழக்கம். குழந்தைக்கு கதகதப்பு கிடைப்பது உண்மைதான், புகையும் சேர்ந்தே கிடைக்கிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் சாவு கூடிவிட்டது, புற்றுநோயும் கூடிவிட்டது. தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்கிறார்கள்.
– வாசகர், பண்டாரவளை

பதில்: தண்ணீரைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதற்கு முன் தோட்டத்தில் எத்தனை பேர் 60 தாண்டியவர்கள் என்று எண்ணுங்கள். வெறும் கணக்குக்காக இரண்டு தோட்டங்களை எடுப்போம், இரண்டிலும் 1,000 பேர். இரண்டிலும் 60 தாண்டியவர்களில் ஆயிரத்துக்கு 40 பேரும், மற்றவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேரும் வருடத்தில் இறக்கிறார்கள். முதல் தோட்டத்தில் 300 முதியவர்கள்: 12 உடன் 1.4 சேர்த்தால் 13.4. இரண்டாவதில் 100 பேர்தான்: 4 உடன் 1.8 சேர்த்தால் 5.8. ஆரோக்கியம் ஒன்றே, சாவு மட்டும் இரட்டிப்புக்கு மேல். இளசுகள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்ட தோட்டம் எல்லாம் முதல் தோட்டம்தான். வயதுக் கலவையைச் சமப்படுத்தாமல் உலக நாடுகளைக்கூட ஒப்பிட மாட்டார்கள்.

ஆனால் ஒரு புற்றுநோய்க்கு வயதைச் சாட்டாதீர்கள். இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய், அதற்கு வெற்றிலை, பாக்கு, புகையிலைதான் பெரிய காரணம். மூன்று வாரம் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் பல் கிளினிக்குக்குப் போங்கள். ஆட்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். போகாவிட்டால் வாயின் உள்தோல் இறுகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். வலி வரும்வரை காத்திருந்துதான் பலர் பிந்திப்போகிறார்கள்.

கேள்வி: இளவயதில் எதனால் அதிகம் சாகிறார்கள்?
– வாசகர், வெலிமடை

பதில்: உலகளவில் 5 முதல் 29 வயது வரை வீதி விபத்துதான் முதலிடம். தற்கொலையும் பெரிய காரணம். இலங்கையில் 1995 அளவில் இலட்சத்துக்கு 47 வரை போன தற்கொலை, கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு எழுபது வீதமளவில் குறைந்தது. மரக்கறித் தோட்டக்காரர்கள் மருந்தை வீட்டுக்குள் வைக்காமல், வெளியே பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள். மனம் சரியில்லை என்றால் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

கேள்வி: குளவி கொட்டிச் செத்தவர் எந்தக் கணக்கில் சேர்வார்?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: நோயில் அல்ல, வெளிக்காரண மரணத்தில். சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் அதற்கென்றே எக்ஸ்23 என்று ஒரு குறியீடு உண்டு. ஆனால் மரணப் பத்திரத்தில் “இதயம் நின்றது” என்று மட்டும் எழுதினால் அது அங்கே சேராது. யாருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தானே செய்யும். திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் எந்த மலையில், எத்தனை மணிக்கு, எந்த வேலை செய்யும்போது கொட்டியது என்று சொல்லி, காரணத்தில் குளவி என்ற சொல்லும் சரியான வயதும் பதியப்பட்டிருக்கின்றனவா என்று கையெழுத்துக்கு முன் வாசித்துப் பாருங்கள். நட்டஈடு கேட்கும்போதும் அந்தத் தாளைத்தான் காட்டவேண்டி வரும்.