ஏசி மெக்கானிக் பதில்கள்: அணைக்கும் முன் எண்ணுங்கள்

கேள்வி: ஊட்டி காந்தள் பக்கம் எங்கள் வீடு. மாமியாருக்கு மூட்டுவலி என்பதால் சூடும் குளிரும் தருகிற ஸ்பிளிட் ஏசி வாங்கினோம். ஜனவரி விடியற்காலையில் நன்றாகச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஃபேன் நின்றுவிடுகிறது. பச்சை விளக்கு சிமிட்டுகிறது. வெளியே உள்ள பெட்டியில் புஸ்ஸென்று ஒரு சத்தம், அப்புறம் புகை. பயந்துபோய் மெயினை அணைத்துவிடுகிறேன். மெக்கானிக் 'கேஸ் குறைஞ்சிருக்கு, அடிக்கணும்' என்கிறார். அடிக்கலாமா?
- வாசகி, ஊட்டி

அடிக்காதீர்கள். அது புகை இல்லை, நீராவிதான்.

உங்கள் ஏசி ஹீட்டரைப் போலக் கம்பியைக் காய்ச்சிச் சூடு தருவதில்லை. வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் உறிஞ்சி உள்ளே கொண்டுவருகிறது. அப்படி உறிஞ்ச, அவுட்டோர் யூனிட்டின் 'காயில்' என்கிற குழாய்ச் சுருள் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். வெளியே 3, 4 டிகிரி என்றால் காயில் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். காற்றின் ஈரம் அதில் பனியாக ஒட்டும். புல்வெளியில் காலையில் பார்க்கிறீர்களே, அதேதான். பனி மூடினால் காற்று புகாது. சென்சார் இதைக் கண்டுகொண்டு, வால்வைத் திருப்பிச் சூடான கேஸைக் கொஞ்ச நேரம் அந்தக் காயிலுக்கு அனுப்புகிறது. புஸ் சத்தம் அந்த வால்வுடையது. ஆவி, பனி உருகுவதால் வருவது. உங்கள் மாமியார் மேல் குளிர்காற்று அடிக்கக் கூடாது என்றுதான் உள்ளே ஃபேன் நிற்கிறது. 'இரு, வருகிறேன்' என்று விளக்கு சிமிட்டுகிறது, அவ்வளவுதான்.

பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் நடுவில் மெயினை அணைத்தால் பனி பாதி உருகி, திரும்ப இறுகிப்போகும். 20 நிமிடம் ஆகியும் சிமிட்டினால் கூப்பிடுங்கள். கேஸ் சந்தேகத்துக்கு ஒரு சின்னச் சோதனை: பனி காயில் முழுக்க ஒரே சீராகப் படிந்தால் கவலையில்லை. குழாய் நுழையும் இடத்தில் நாலைந்து வரிசை மட்டும் வெள்ளையாக, மற்றதெல்லாம் காய்ந்து கிடந்தால் மெக்கானிக் சொல்வதில் விஷயம் இருக்கலாம். அப்போதும் முதலில் கசிவைத் தேடச் சொல்லுங்கள். மூடிய குழாயில் ஓடுகிற கேஸ், அடுப்பு சிலிண்டர் மாதிரி தீர்ந்துபோகாது.

கேள்வி: விளக்கு சிமிட்டுகிறது, ஏசி ஓடவில்லை. வந்தவர் பார்த்ததும் 'போர்டு போச்சு, 9,000 ரூபாய்' என்றார். நம்புவதா?
- வாசகர், மதுரை

எத்தனை தடவை சிமிட்டியது என்று எழுதவில்லையே! அதுதான் முக்கியம். மெயினை அணைத்துவிட்டால் பல மாடல்களில் அந்தத் தகவலும் போய்விடும். செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துவிட்டு அணையுங்கள்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. ஃபுஜிட்சுவில் பச்சை விளக்கு பத்துகள் இலக்கம், ஆரஞ்சு விளக்கு ஒன்றுகள் இலக்கம். இரண்டும் தலா ஒரு தடவை சிமிட்டினால் 11. எல்ஜியில் சிஹெச் 05 என்று எழுத்தே வரும். டைக்கினில் ரிமோட்டின் கேன்சல் பொத்தானை 5 நொடி அழுத்திப் பிடித்து, பிறகு ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால், சரியான கோடு (பழுதைச் சொல்லும் குறியீடு) வரும்போது நீளமாக ஒரு பீப் கேட்கும். யூ4 என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: உள்பெட்டியும் வெளிப்பெட்டியும் பேசிக்கொள்ளவில்லை. பேசாததற்கு போர்டும் காரணமாக இருக்கலாம், நடுவில் போகிற ஒயரும் காரணமாக இருக்கலாம்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். காரைக்குடியில் ஒரு வீட்டுக்கு இரண்டு போர்டு மாற்றினேன். மழை பெய்தால் திரும்பவும் சிமிட்டும். மூன்றாவது தடவை போனபோதுதான் மாடிச் சுவரோரம் டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட் கண்ணில் பட்டது. தண்ணீர் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. முழு ஒயராக மாற்றினேன், சரியாகிவிட்டது. அந்த இரண்டு போர்டுக்கான பணத்தையும் வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அதற்குக் கோடு எதுவும் வரவில்லை.

ஆகவே வந்தவரிடம் 'ஒயரை இரண்டு பக்கமும் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தீங்களா தம்பி?' என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மெயினை அணைத்துவிட்டு அவுட்டோர் மூடியை நானே கழற்றிப் பார்க்கலாமா?
- வாசகர், கடலூர்

இன்வெர்ட்டர் ஏசி என்றால் கூடாது. அணைத்த பிறகும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். நான் திறந்த பெட்டிகளில் எத்தனையோ பல்லிகள் போர்டு மேல் கருகிக் கிடந்திருக்கின்றன. காற்றுச் சல்லடையை மட்டும்தான் நீங்கள் கழற்றிக் கழுவலாம். அது உள்பெட்டியில் இருக்கிறது.