12 சர்வர்களுக்கு அன்சிபிள்: எங்கே தொடங்குவது?

12 சர்வர்களிலும் கையால் அப்டேட் போடுகிறேன், ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். பல சர்வர்களில் ஒரே வேலையை ஒரே இடத்திலிருந்து செய்துமுடிக்கும் கருவியான அன்சிபிளில் தொடங்குங்கள். சர்வர்களில் தனியாக ஏஜென்ட் (அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும் துணை மென்பொருள்) எதுவும் வேண்டாம். எஸ்எஸ்ஹெச்சும் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) பைத்தான் மொழியும் இருந்தால் போதும்.

எஸ்எஸ்ஹெச் சாவியை ஏற்றி, சர்வர் பெயர்களை இன்வென்டரி கோப்பில் எழுதுங்கள். அப்புறம் அன்சிபிளின் பிங் மாட்யூலை (ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல்) ஓட்டிப் பாருங்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இது வழக்கமான நெட்வொர்க் பிங் இல்லை. உள்ளே நுழைந்து, பைத்தான் ஓடினால்தான் 'பாங்' என்று பதில் வரும்.

பிளேபுக்கை (செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிய கோப்பு) எடுத்த எடுப்பில் எல்லாவற்றிலும் ஓட்டிவிடாதீர்கள். நான் ஓட்டினேன்: எஸ்எஸ்ஹெச் கான்ஃபிகில் ஒரு வரி தப்பு, ரீஸ்டார்ட் ஆனதும் எந்த சர்வருக்குள்ளும் நுழைய முடியவில்லை. முதலில் செக் மோடில் (எதையும் மாற்றாமல் ஒத்திகை), என்ன மாறும் என்று காட்டும் டிஃப் சேர்த்து ஓட்டுங்கள். சரியாக இருந்தால் லிமிட் கொடுத்து ஒரே ஒரு சர்வரில். கடவுச்சொற்களை அன்சிபிளின் வால்ட்டில் (மறையாக்கிப் பூட்டி வைக்கும் வசதி) வையுங்கள்.