ஈர்க்குக் கூடை, மங்குத் தொட்டி, அப்பா சேர்த்த இதழ்கள்

கைவேலைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் மத்தியானம் திரும்பினாலே மழைதான். வந்த கேள்விகளில் பலவற்றுக்கும் அந்த ஈரத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது.

கேள்வி: செம்பனை ஈர்க்கில் கூடை பின்னப் பழகுகிறேன். எட்டுக் கற்றையை நாலுக்கு நாலாகக் குறுக்கே வைத்துத் தொடங்குகிறேன். இரண்டாவது சுற்றிலேயே பின்னல் இறுகாமல் நழுவுகிறது. முன்பு ஒருவழியாக முடித்த தட்டும் ஒரே மாதத்தில் கறுத்துவிட்டது. எங்கே தப்பு?
– இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் கையில் தப்பில்லை, கணக்கில்தான் தப்பு. எட்டுக் கற்றையைக் குறுக்கே வைத்தால் 16 கால், அதாவது வெளியே நீளும் முனைகள், வரும். ஒரே இழையை ஒரு காலுக்கு மேலும் அடுத்த காலுக்குக் கீழுமாக ஓட்டிக்கொண்டு போனால், ஒரு சுற்று முடிந்ததும் முன்பு மேலே போன காலுக்கே மறுபடியும் மேலே போகும். இரண்டு சுற்றும் ஒன்றின்மேல் ஒன்று உட்காருமே தவிர, ஒன்றையொன்று பூட்டாது. ஒற்றை இழையில் பின்ன வேண்டுமானால் கால்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். நடுவில் பாதி நீளத்தில் இன்னொரு கற்றையைச் செருகி 17 ஆக்கிக்கொள்ளலாம்.

ஆனால் ஈர்க்குக்கு இரட்டை இழைதான் நல்லது. இரண்டு இழையை எடுத்து ஒரு காலை இரண்டுக்கும் நடுவில் பிடியுங்கள். அடுத்த காலுக்குப் போகுமுன் முன்னால் இருப்பது பின்னாலும் பின்னால் இருப்பது முன்னாலும் மாற வேண்டும். கயிறு முறுக்குவதுபோல ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு முறுக்கு விழும். இதில் கால் எத்தனை என்பது பிரச்சினையே இல்லை. முதல் மூன்று சுற்றைக் கற்றை கற்றையாகவே பின்னி இறுக்கிவிட்டு, பிறகு கற்றைகளை இரண்டாகப் பிரித்து விரியுங்கள். இழை தீர்ந்தால் தடித்த முனையோடு தடித்த முனையையும், மெல்லிய நுனியோடு மெல்லிய நுனியையும் சேர்த்து, ஒரு காலுக்குப் பின்னால் 5 செ.மீ. அளவு ஒன்றன்மேல் ஒன்றாக விடுங்கள். தடித்ததோடு மெல்லியதைச் சேர்த்தால் அந்த இடத்தில் கூடை கோணிக்கொள்ளும்.

பின்னுமுன் அரைமணி நேரம் ஊறினால் போதும். இரவெல்லாம் ஊறிய ஈர்க்கு நன்றாக வளைந்துகொடுக்கும். ஆனால் காயும்போது சுருங்கி, இறுக்கிப் பின்னியதெல்லாம் லொடலொடவென்று ஆகிவிடும்.

கறுத்ததற்குக் காரணம் பூஞ்சை. ஈர்க்கின் இரண்டு ஓரத்திலும் மயிரிழை அளவு ஓலை ஒட்டியிருந்தாலும் அங்கேதான் அது முதலில் பிடிக்கும். சிறு கத்தியைத் தடித்த முனையில் வைத்து நுனிவரை ஒரே இழுப்பாகச் சீவுங்கள். பச்சை துளியும் தெரியக்கூடாது. பிறகு கழுவி, மூன்று நாள் காலை வெயிலில் காயவைத்து, மழைக்கு முன் உள்ளே எடுங்கள். காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. சமையல் தராசில் ஈர்க்குக் கட்டு ஒன்றை எடைபோட்டு எழுதி வையுங்கள், மறுநாளும் எடைபோடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பின்னி முடித்த கூடையையும் இரண்டு நாள் காற்றாட விட்ட பிறகே வார்னிஷ் தொட வேண்டும். நீரில் கரையும் வகையை மெல்லிசாக இரண்டு முறை பூசினால் போதும். ஈரத்தின்மேல் பூசிய வார்னிஷ் அந்த ஈரத்தைப் பூட்டி வைத்துவிடும்.

மட்டை எடுக்கத் தோட்டத்தில் அனுமதி கேளுங்கள். புதிதாக வெட்டிப் போட்டதையே எடுங்கள். வரிசைக்கு நடுவில் அடுக்கிக் கிடக்கும் பழைய மட்டைக்குள் கையை விட வேண்டாம். எலியைத் தேடிப் பாம்பு வந்து தங்கும் இடம் அது.

கேள்வி: ரப்பர் கொட்டை, மஞ்சாடி, குன்றிமணி மூன்றையும் சேர்த்து மாலை கோத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
– பாலர் பள்ளி ஆசிரியை, சாலாக்

பதில்: குன்றிமணி வேண்டவே வேண்டாம். சிவப்பில் கறுப்புக் கண் உள்ளது குன்றிமணி, முழுச் சிவப்பாக இருப்பது மஞ்சாடி. குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அதன் கெட்டித் தோல்தான் காவல். மாலை கோக்கத் துளை போட்டவுடன் அந்தக் காவல் போய்விடுகிறது. மஞ்சாடியைக் கோக்கலாம், ஆனால் வாயில் போடும் வயதுப் பிள்ளையிடம் எந்த மணியையும் கொடுக்காதீர்கள். ரப்பர் கொட்டையின் பருப்பும் பச்சையாகத் தின்றால் நஞ்சுதான். நிழலில் இரண்டு வாரம் காயவிட்டு, ஆட்டிப் பார்த்தால் உள்ளே பருப்பு குலுங்க வேண்டும். அதன் பிறகு 2 மி.மீ. துளை போடுங்கள். காயாத கொட்டையில் எண்ணெய் சிக்கெடுத்து நாறும்.

கேள்வி: அப்பா 1970களில் வாங்கிச் சேர்த்த தமிழ் இதழ்கள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. ஸ்டேப்ளர் பின் துருவேறி நடுத்தாள்கள் கழன்றுவிட்டன. சிலவற்றில் பூஞ்சை, சிலவற்றில் ராமபாணப் பூச்சி. எல்லாவற்றையும் சேர்த்து பைண்டிங் போட்டுவிடலாம் என்கிறார் தம்பி. வெயிலில் போடலாமா? பாச்சை உருண்டை வைக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, லிந்தாங்

பதில்: தம்பியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கடை பைண்டிங்கில் முதுகிலிருந்து 1 செ.மீ. தள்ளி, எல்லாத் தாளையும் ஒன்றாகக் குத்தித் தைப்பார்கள். உள்பக்கத்து எழுத்துகளைத் தையல் விழுங்கிவிடும். ஐம்பது வருடப் பழைய தாள் நொறுநொறுவென்று இருப்பதால், விரிக்கும்போதெல்லாம் அந்தத் தையல் ஓரத்தில்தான் முறியும். ஒவ்வொரு இதழையும் தனித்தனியாக, அதன் மடிப்பிலேயே நூலால் தைத்துப் பெட்டியில் அடுக்குவதுதான் சரி. ஓர் இதழுக்குக் கால்மணி நேரம் பிடிக்கும்.

தைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. வெயில் கூடாது. மலிவான இதழ்த் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம். வெளிச்சம் பட்டால் அது மஞ்சளாகி, தாள் இன்னும் நொறுங்கும். பூஞ்சை பிடித்தவற்றைத் தனியாகப் பிரித்து, நிழலில் தாள்களை விசிறிபோல் விரித்து நிற்க வைத்து, மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி இரண்டு மூன்று நாள் ஓடவிடுங்கள். ஈரப் பூஞ்சையைத் தேய்த்தால் தாளுக்குள் இழுவிவிடும். காய்ந்தால் தூளாக உதிரும். பிறகு வாசலில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளியோரமாகத் தட்டிவிடுங்கள். மிஞ்சுகிற கறை போகாது. குளோராக்ஸ் (வெளுப்பு நீர்) தொட்டுத் துடைத்தால் தாளே போய்விடும்.

ராமபாணப் பூச்சிக்கு ஐஸ்பெட்டிதான் மருந்து. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் இதழைப் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒருநாள் முழுக்கப் பையைத் திறக்கக்கூடாது. உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் வியர்த்து, காயவைத்ததெல்லாம் வீணாகும்.

பாச்சை உருண்டை வேண்டாம். மலேசியாவில் பிறந்த குழந்தைக்கு ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவமனையில் சோதிப்பது இதற்காகவும்தான். அந்தக் குறை உள்ள குழந்தைக்கு நாப்தலீன் வாடையே இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

பின்னைக் கழற்றும்போது பிடுங்காதீர்கள். நடுப்பக்கத்தை விரித்து, பின்னின் இரண்டு காலையும் மொட்டைக் கத்தியால் நிமிர்த்தி, வெளிப்பக்கமிருந்து மெதுவாக இழுங்கள். தாளுக்கும் கத்திக்கும் நடுவே ஒரு பழைய எக்ஸ்ரே பிலிம் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். துருத்தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

28 செ.மீ. உயர இதழ் என்றால் மடிப்பில் மேலிருந்து 2.5, 8, 14, 20, 25.5 செ.மீ. ஆகிய ஐந்து இடங்களில் மெல்லிய ஊசியால் துளையிடுங்கள். பழைய பின் துளை குறுக்கிட்டால் அரை செ.மீ. தள்ளிக்கொள்ளுங்கள், துருப்பட்ட இடம் தாங்காது. இதழின் உயரத்தைப்போல இரண்டரை மடங்கு, அதாவது 70 செ.மீ. பருத்தி நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு முறை உரசி எடுங்கள். துளைகளை மேலிருந்து 1 முதல் 5 என்று வைத்துக்கொள்வோம். உள்ளிருந்து 3 வழியாக வெளியே, 2 வழியாக உள்ளே, 1 வழியாக வெளியே, மறுபடி 2 வழியாக உள்ளே வாருங்கள். இப்போது 3ஐத் தொடாமல் உள்பக்கமாகவே தாண்டி 4 வழியாக வெளியே, 5 வழியாக உள்ளே, 4 வழியாக வெளியே, கடைசியில் 3 வழியாக உள்ளே. நூலின் இரண்டு முனையும் இப்போது நடுத்துளையில் இருக்கும். 2க்கும் 4க்கும் நடுவே ஓடும் நீள இழைக்கு ஒருபுறம் ஒன்றும் மறுபுறம் ஒன்றுமாக வைத்து முடிச்சுப் போட்டால் அந்த இழையும் சேர்ந்து இறுகும். இறுக்கும்போது நூலை மடிப்பின் போக்கிலேயே இழுங்கள். தாளுக்கு நேர்மேலே தூக்கி இழுத்தால் துளையிலிருந்து கிழிந்துகொண்டு வரும். முதல்முறை செய்பவர்கள் எல்லாரும் இங்கேதான் தாளைக் கிழிக்கிறார்கள்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில வருடங்களில் மஞ்சள் எண்ணெயாகத் தாளுக்குள் இறங்கிவிடும். ஒரு கரண்டி கோதுமை மாவுக்கு ஐந்து கரண்டி தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் 10 நிமிடம் கிண்டினால் கண்ணாடிபோல் ஆகும். ஆறவைத்து வடிகட்டுங்கள். சாயமில்லாத வெள்ளை டிஷ்யூ தாளை வெட்டாமல் கையால் கிழித்து (கிழிந்த ஓரத்தின் நார்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டும்), பசையை மிக லேசாகத் தடவி ஒட்டி, இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து, பாரமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு விடுங்கள். பசை மறுநாளே புளித்துவிடும், ஐஸ்பெட்டியில் வைத்தால் நாலு நாள் தாங்கும். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய பைண்டர்கள் பழக்கம். பூச்சி வராதுதான், ஆனால் அதிலுள்ள தாமிரம் வருடக்கணக்கில் தாளை அரித்துக் கறுக்க வைக்கும். விட்டுவிடுங்கள்.

கடைசியாக வைக்கும் இடம். காற்றின் ஈரப்பதம் 65 சதவிகிதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரத் தொடங்கும். நம் ஊரில் பெரும்பாலான நேரம் அதற்கு மேல்தான். அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் போடுங்கள், குளியலறைச் சுவர் என்றால் இடத்தையே மாற்றுங்கள். மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பதாக இருந்தால் நன்றாகக் காய்ந்த இதழ்களையே, ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஈரமாக மூடினால் பெட்டி பூஞ்சைப் பண்ணையாகிவிடும். ஜெல்லின் ஆரஞ்சு நிறம் மாறியதும் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும்.

கேள்வி: பால் மரத்தில் (ரப்பர் மரம்) பால் பிடிக்கும் பீங்கான் மங்கு இருபது கிடைத்தது. செடி வைக்க ஆசை. ஆணியடித்து ஓட்டை போட்டதில் இரண்டு உடைந்துவிட்டன. உள்ளே காய்ந்த பால் வேறு ஒட்டியிருக்கிறது.
– லாரி ஓட்டுநர், ஜாலோங்

பதில்: பாலுக்குக் கத்தி வேண்டாம், பளபளப்பு கீறிவிடும். பாத்திரச் சவர்க்காரம் கலந்த சுடுநீரில் ஓர் இரவு ஊறவிட்டு ஓரத்தை நகத்தால் கிளப்பினால் தோல்போல உரிந்து வரும். மிஞ்சிய படலத்தின்மேல் மண்ணெண்ணெய் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்தால் ரப்பர் உப்பிக்கொள்ளும், அப்போது தேய்த்தெடுங்கள். இதை வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

துளைக்கு ஹார்ட்வேர் கடையில் 8 மி.மீ. டயமண்ட் பிட் கேளுங்கள். சிமெண்டு பிட் ஆகாது. டிரில்லில் சுத்தியல் விசை கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். மங்கை ஈரத் துண்டின்மேல் கவிழ்த்து, நடுவில் டேப் ஒட்டி, அதைச் சுற்றிக் களிமண்ணால் சிறு வரப்புக் கட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இருப்பதால் பேட்டரி டிரில்தான் பாதுகாப்பு. கண்ணாடி அணியுங்கள். பிட்டைச் சாய்த்துப் பிடித்துப் பிறைபோல ஒரு கீறல் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். அழுத்தவே வேண்டாம், மெதுவான வேகத்தில் அதுவே தின்றுகொண்டு போகும். துளை விழப்போகிற கடைசி நொடியில் கையை இன்னும் இலேசாக்குங்கள், உள்பக்கம் சில்லுப் பெயர்வது அப்போதுதான். அடி உருண்டையாக இருந்தால் 3 செ.மீ. உயரத்தில் வெட்டிய பிவிசி குழாய் வளையத்தில் உட்கார வையுங்கள். பாதி ஆற்றுமணல், பாதி மண்ணில் கள்ளி வகைகள் நன்றாக வரும்.

துளை போடாத மங்குகளைக் கவிழ்த்தே வையுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு.

கேள்வி: மண்டபத்தில் 2 மீட்டர் அகலத்தில் வட்டமாக வண்ண அரிசிக் கோலம் போடுகிறோம். எவ்வளவு அரிசி வேண்டும்? சாயம் கையில் ஒட்டாமலிருக்க என்ன வழி?
– கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: 3 மி.மீ. கனத்தில் பரப்பினால் 1 கிலோ அரிசி சுமார் 0.4 சதுர மீட்டர் மூடும். உங்கள் வட்டம் 3.14 சதுர மீட்டர். அதற்கு 8 கிலோ, சிந்துவதற்கு 1 கிலோ கூட்டி 9 கிலோ வாங்குங்கள். குருணை அரிசி மலிவு, ஓரமும் கூர்மையாக நிற்கும். கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உணவுச் சாயத்தை ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகரில் கரைத்து, பிளாஸ்டிக் பையில் அரிசியோடு போட்டுக் குலுக்குங்கள். தண்ணீரில் கரைத்தால் அரிசி ஊறி ஒட்டிக்கொள்ளும். நாளிதழில் பரப்பி மின்விசிறிக்கடியில் ஒருநாள் காயட்டும். கைப்பிடி எடுத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் இன்னொரு இரவு விடுங்கள். தேங்காய்ப்பூவுக்குச் சாயமேற்றுவது பார்க்க அழகுதான், ஆனால் இரண்டாம் நாளே எறும்பு வரும். வழுக்கும் டைல்ஸ் தரையில் முதலில் சாக்கட்டியால் கோடு போட்டு, நடுவிலிருந்து வெளியே நகர்ந்தபடி நிரப்புங்கள். மேலே சுழலும் விசிறியை மட்டும் யாரும் தட்டிவிடாதபடி சுவிட்சில் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள்.