வேலை போனதற்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமா?

வேலை போய் மூன்று மாதம், இதற்கும் நன்றி சொல்லணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1 தெசலோனிக்கேயர் 5:18-ஐ நிதானமாகப் படியுங்கள். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்றுதான் பவுல் எழுதுகிறார், 'எல்லாவற்றுக்காகவும்' என்று அங்கே இல்லை. பிலிப்பி சிறையில் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பாடியவர் அவர். அந்த அடிக்கு நன்றி சொன்னதாக அப்போஸ்தலர் 16-இல் எதுவும் இல்லை.

அப்பா படுக்கையில் கிடந்த நாட்களில், அம்மா ராத்திரி ஜெபத்தில் வியாதிக்கு நன்றி சொன்னதே கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா தூக்குவாளியில் கொண்டுவந்த ரசத்துக்குத்தான் சொல்வார், அதுவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

சரி, அதுகூட வரவில்லையா? 13-ஆம் சங்கீதத்தைப் படியுங்கள். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சண்டையில்தான் தொடங்குகிறது. பாட்டு ஆறாம் வசனத்தில்தான் வருகிறது.