அஹ்மிச்சி: ஒரே கிராமம், எரிந்த வீடுகள், எரியாத வீடுகள்

கேள்வி: போஸ்னியப் போரில் செர்பியர்களை எதிர்த்து ஒன்றாக நின்ற குரோவாசியர்களும் முஸ்லிம்களும் தங்களுக்குள் மோதிக்கொண்டது ஏன்? அஹ்மிச்சி கிராமத்தில் நடந்தது என்ன? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 1993 ஜனவரியில் ஐ.நா. தூதர் வான்ஸும் ஐரோப்பிய சமூகத்தின் தூதர் ஓவனும் முன்வைத்த அமைதித் திட்டம் போஸ்னியாவைப் பத்து மாகாணங்களாகப் பிரிக்க முற்பட்டது. தங்களுக்கு ஒதுக்கப்பட்டதாகக் கருதிய மாகாணங்களில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருந்த போஸ்னிய ராணுவம் தங்கள் ஆணைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று குரோவாசியத் தலைமை கெடு விதித்ததால், அமைதிக்கென வரைந்த வரைபடமே புதிய போருக்குத் தூண்டுகோலாயிற்று.

ஏப்ரல் 16 விடியற்காலையில், மத்திய போஸ்னியாவின் லாஷ்வா பள்ளத்தாக்கிலுள்ள அஹ்மிச்சிக்குள் எச்.வி.ஓ. என்னும் போஸ்னியக் குரோவாசியப் படையினர் நுழைந்து, வீடு வீடாகச் சென்று நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் அடங்குவர். பள்ளிவாசல்கள் இரண்டும் தகர்க்கப்பட்டன. அதே கிராமத்துக் குரோவாசியர்களின் வீடுகள் மட்டும் சேதமின்றி நின்றதே, இது திட்டமிட்ட தாக்குதல் என்பதற்குப் போதிய சான்று என்பேன். சில நாட்களுக்குப் பின் அங்கு வந்த ஐ.நா. அமைதிப்படையின் பிரிட்டிஷ் வீரர்கள் வழியாகவே உலகம் இதை அறிந்தது.

முன்னாள் யூகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களை விசாரித்த ஐ.நா.வின் ஹேக் தீர்ப்பாயம், போஸ்னியக் குரோவாசிய அரசியல் தலைவர் டாரியோ கோர்டிச்சுக்கு 25 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. எச்.வி.ஓ. தளபதி டிஹோமிர் பிளாஷ்கிச்சுக்கு 2000இல் விதிக்கப்பட்ட 45 ஆண்டுகளோ, முதல் விசாரணையின்போது கிடைக்காத ஆவணங்கள் பின்னர் வெளிவந்ததையடுத்து, 2004இல் மேல்முறையீட்டில் ஒன்பதாகக் குறைந்தன. இரு தரப்பினரின் போரை 1994 மார்ச்சில் வாஷிங்டன் உடன்பாடு நிறுத்தியது.