தசையால் இயங்கும் செயற்கைக் கை அன்றாட வேலைக்கு உதவுமா?

முக்கூடலில் பீடி சுற்றிவந்த உங்கள் அக்கா, முழங்கைக்குக் கீழே இழந்த வலக்கைக்குப் பதிலாகத் தசையால் இயங்கும் கையைப் பொருத்திக்கொண்டால் பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பீடி சுற்றுவது மிகவும் கடினம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலையின் பதத்தை அறியும் விரல்நுனி உணர்வு பொதுவாக அந்தக் கையில் இருக்காது. பிடியின் அழுத்தத்தைக் கண்ணால் பார்த்துத்தான் கணிக்க வேண்டும்.

எஞ்சியிருக்கும் முன்கையில் உள்ள, மணிக்கட்டை மடக்கும் தசையும் நிமிர்த்தும் தசையும் சுருங்கும்போது எழும் நுண்ணிய மின்குறிப்புகளை, தோலின்மேல் படிந்திருக்கும் மின்முனைகள் உணர்ந்து, மோட்டாரைக் கொண்டு விரல்களை மூடவோ திறக்கவோ செய்கின்றன. ஆகவே, கை வருவதற்கு முன்பே, இல்லாத கையை மடக்குவதாக நினைத்து அவ்விரு தசைகளையும் தனித்தனியே இயக்கப் பழக வேண்டும். சிகிச்சையாளராக நான் பயிற்சி அளித்த ஒருவர், முதல் வாரம் முழுவதும் இரண்டையும் ஒருசேர இறுக்கிக் களைத்துப்போனார். சில வாரங்கள் கழித்து, பால் பாக்கெட்டை நசுக்காமல் அந்தக் கையில் பிடித்து, மறுகையால் அதன் நுனியைக் கத்தரித்தபோது எனக்கே கண் கலங்கியது.

நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சாக்கெட்டுக்குள் (எஞ்சிய கையின்மேல் மாட்டும் உறைக்குள்) வியர்த்தால் குறிப்புகள் குழம்பி, கை சொன்னபடி கேட்காது. இடையிடையே கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும். பணம் கட்டுவதற்கு முன், மின்முனைகளை மட்டும் தோலில் வைத்து, இரு தசைகளின் குறிப்பும் தெளிவாகக் கிடைக்கிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.