மூளையைப் படம்பிடிக்கும் ஆய்வுகள், மனம் என்று தனியாக எதுவும் இல்லை என நிரூபித்துவிட்டனவா?

கேட்டவர் யாரோ ஒரு டாக்டரிடம் வாதாடித் தோற்றுவிட்டு வந்திருப்பார் போலிருக்கிறது. நானும் அப்படித்தான். நான் காரைக்குடியில் கடைக்கணக்கு எழுதுகிறவன். 'உனக்கென்ன தெரியும்' என்று வரப்போகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் அப்பத்தா பக்கவாதத்தில் பேச்சு நின்று ஏழு மாதம் வீட்டின் இரண்டாங்கட்டில் கிடந்தார்கள். மதுரையில் படத்தைக் காட்டி, "இனி எதுவும் புரியாது" என்றார்கள். நம்பிவிட்டேன். எடுத்ததோ சிடி ஸ்கேன். ரத்தம் எங்கே கசிந்தது என்று காட்டும். புரிகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? அது தெரியாமல், கட்டிலருகே உட்கார்ந்தே வீட்டுப் பங்கு, வைரத்தோடு என்று பேசினோம். ஆச்சி மட்டும் தினமும் என்ன குழம்பு என்று அப்பத்தாவிடம் சொல்லும். "கேக்காதுண்டு ஆரு சொன்னா?" என்று எங்களிடம் சண்டைக்கு வரும்.

மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவின் 2006 ஆய்வைப் பின்னால்தான் படித்தேன். விபத்துக்குப் பிறகு எதற்கும் அசையாமல் கிடந்த 23 வயதுப் பெண். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகவும் தன் வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாகவும் நினைக்கச் சொன்னார்கள். நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு வேலை செய்யும் அதே இடங்கள் அவளுக்கும் வேலை செய்தன. 2010இல் மூளை பாதித்துக் கிடந்த 54 பேரைச் சோதித்ததில் 5 பேருக்கு இது முடிந்தது. மற்றவர்களுக்கு மனமே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அந்த நேரம் தூங்கியிருக்கலாம், சொன்னது காதில் விழாமல் போயிருக்கலாம்.

அப்பத்தாவை நடக்கச் சொல்லியிருந்தால் முகப்பு, வளவு, அடுப்படி, பின்கட்டுக் கிணறு வரை போயிருப்பார்கள். ஆத்தங்குடிக் கல் எங்கே பெயர்ந்திருக்கிறது என்பது வரை அவர்களுக்கு அத்துப்படி. கருவி அளப்பது ரத்த ஓட்டம். அதுவும் நினைப்புக்குச் சில வினாடி பிந்தி வருவது. நடக்கிறார்கள் என்று அது காட்டலாம். நடப்பது அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்பது அந்தப் படத்தில் ஏது? 'இப்போது நினைப்பையே படிக்கிறார்களே' என்பீர்கள். எந்தப் படம் எந்த நினைப்பு என்று முதலில் மனிதர்களை வைத்துத்தானே கருவிக்குப் பழக்குகிறார்கள்? புள்ளியியல் கவனம் தவறினால் செத்த சால்மன் மீனின் மூளைகூட வேலை செய்வதாகக் காட்டும் என்று 2009இலேயே செய்து காட்டியாயிற்று. அதற்காகக் கருவியே பொய் என்று சொல்லவில்லை.

பங்காளி ஒருவர் யார் கையெழுத்தும் கேட்காமல் முகப்புக் கதவை நிலையோடு பெயர்த்துப் பழம்பொருள் கடைக்கு விற்றார். பர்மா தேக்கு. இன்றைக்கு எந்த ரிசார்ட்டில் நிற்கிறதோ. கேட்டால், "பூட்டிக் கிடந்து கரையான் அரிக்கவா?" என்கிறார். வீடு பூட்டியா கிடந்தது? அன்று முழுக்க உளிச் சத்தம். அப்பத்தா உள்ளேதான் படுத்திருந்தார்கள்.